'மை லார்ட்' வேண்டாம், சுழல் விளக்கு வேண்டாம்... மின்சார ரயிலில் வீடு திரும்பிய நீதிபதி சந்துரு!

2013-ம் ஆண்டு மார்ச் மாதம். சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி ஓய்வு பெறுகிறார். அப்படி ஒரு நாளில் வழக்கமாக என்னென்ன நடக்கும் என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிரிவு உபசார விழா, பூங்கொத்து, சால்வை, குரூப் போட்டோ, பெரிய ஹோட்டலில் விருந்து. இவரோ, 'எனக்கு இதெல்லாம் வேண்டாம்' என்று முன்கூட்டியே கடிதம் கொடுத்துவிட்டார். பதவியேற்றபோது தன் சொத்துக் கணக்கைக் கொடுத்ததுபோலவே, கிளம்பும்போதும் ஒரு கணக்கைத் தலைமை நீதிபதியிடம் ஒப்படைத்தார். அரசு கொடுத்த காரை அங்கேயே விட்டார். பீச் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டார்.

அம்பத்தூர், ஆவடி, திருமுல்லைவாயல் பக்கத்திலிருந்து தினமும் டிபன் பாக்ஸும் சீசன் டிக்கெட்டுமாக ஆயிரக்கணக்கானவர்கள் வந்து இறங்கும் அதே பீச் ஸ்டேஷன்தான். பாரிமுனையில் வேலை செய்பவர்களுக்கு உயர் நீதிமன்றத்தின் சிவப்புக் கோபுரம் தினமும் கண்ணில் படும். உள்ளே போகும் அவசியம் வந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு கடந்து போகிறவர்கள்தான் அதிகம். கோர்ட் என்றாலே நமக்கெல்லாம் ஒரு நடுக்கம் இருக்கிறது இல்லையா? அந்த நடுக்கத்தைக் கொஞ்சமாவது குறைத்தவர்களின் பட்டியலில் கே.சந்துருவுக்கு முக்கியமான இடம் உண்டு.

'ஜெய்பீம்' படத்தில் சூர்யா நடித்தாரே, அந்த வக்கீல் இவர்தான். 2021 நவம்பரில் படம் ஓ.டி.டி-யில் வந்தபோது, 'யார் இந்த சந்துரு?' என்று கூகுளில் தேடியவர்கள் ஏராளம். சினிமா அவருடைய வாழ்க்கையில் ஒரே ஒரு வழக்கைத்தான் காட்டியது. முன்னும் பின்னும் நிறைய இருக்கிறது.

வக்கீலாகும் எண்ணமே இல்லாதவர்

1951-ல் ஸ்ரீரங்கத்தில் பிறந்தார். வளர்ந்தது சென்னையில். லயோலா கல்லூரியில் படிக்கும்போது மாணவர் போராட்டத்தை முன்னின்று நடத்தியதால் அங்கிருந்து வெளியேற வேண்டியதாயிற்று. பிறகு தாம்பரத்தில் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்ந்து தாவரவியல் பட்டம் வாங்கினார். நடுவே இந்திய மாணவர் சங்கம், இடதுசாரி அரசியல் என்று முழு நேரமும் ஊர் சுற்றல். பஸ், லாரி என்று எது கிடைக்கிறதோ அதில் ஏறித் தமிழ்நாடு முழுக்கப் போய், தொழிலாளர்கள், விவசாயிகள் வீடுகளில் தங்கி, அவர்கள் போட்ட சோற்றைச் சாப்பிட்டு வளர்ந்த அனுபவம் அது.

1971-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நடந்த போராட்டத்தின்போது உதயகுமார் என்ற மாணவர் இறந்துபோனார். அதை விசாரிக்க ஒரு கமிஷன் அமைக்கப்பட்டது. மாணவர் தரப்பில் அங்கே போய் நின்றவர்களில் சந்துருவும் ஒருவர். இவர் பேசுவதைக் கவனித்த நீதிபதி, 'நீ ஏன் வக்கீலாகக் கூடாது?' என்ற பொருளில் கேட்டிருக்கிறார். அந்த ஒரு கேள்விதான் தன்னைச் சட்டக் கல்லூரிக்கு அனுப்பியது என்று சந்துருவே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

1973-ல் சென்னை சட்டக் கல்லூரி. சேர்ந்த உடனே பிரச்னை. 'இவர் போராட்டக்காரர்' என்று சொல்லி ஹாஸ்டலில் இடம் மறுத்தார்கள். உண்ணாவிரதம் உட்கார்ந்தார். மூன்றே நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. ஹாஸ்டல் அறைக்கே போராட வேண்டியிருந்தது.

அந்தச் சட்டக் கல்லூரி இப்போது பாரிமுனையில் இல்லை என்பது மேற்குப் புறநகர் மாணவர்களுக்கு நன்றாகவே தெரியும். 2008 நவம்பரில் கல்லூரி வாசலிலேயே மாணவர்கள் சாதியால் பிரிந்து ஒருவரையொருவர் கட்டையால் அடித்துக்கொண்டதை டி.வி-யில் பார்த்து ஊரே உறைந்துபோனது. அதை விசாரித்த நீதிபதி பி.சண்முகம் கமிஷன், கல்லூரியை இடம் மாற்றச் சொன்னது. 2018-ல் ஒரு பாதி புதுப்பாக்கத்துக்கும் இன்னொரு பாதி திருவள்ளூரைத் தாண்டி பட்டரைபெரும்புதூருக்கும் போய்விட்டது. ஆவடியிலிருந்து சட்டம் படிக்கப் போகிறவர்கள் இப்போது பாரிமுனைக்கு எதிர்த் திசையில் ரயில் ஏறுகிறார்கள். சண்டையைத் தீர்க்க கல்லூரியையே தூக்கிக்கொண்டு போனது சரியா என்பது தனி விவாதம். ஆனால், அந்தச் சாதிச் சண்டை பள்ளிக்கூடங்களுக்குள் இறங்கியபோது, அரசு தேடி வந்தது சந்துருவைத்தான். அதற்குப் பிறகு வருவோம்.

படிப்பு முடித்தவர் 'ராவ் அண்ட் ரெட்டி' என்ற வழக்கறிஞர் அலுவலகத்தில் சேர்ந்தார். ஏழைத் தொழிலாளிகளும் விவசாயிகளும் தயங்காமல் படியேறிய அலுவலகம் அது. அதன் வி.ஜி.ராவ் சாதாரணமானவர் அல்ல. மக்கள் கல்விக் கழகம் என்ற தன் அமைப்பைச் சென்னை அரசாங்கம் தடை செய்ததை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போய் 1952-ல் ஜெயித்தவர். அடிப்படை உரிமைகளுக்கு அரசு போடும் கட்டுப்பாடு எந்த அளவு 'நியாயமானது' என்பதை அளக்க, இன்றைக்கும் கோர்ட்டுகளில் அந்தத் தீர்ப்பைத்தான் காட்டுகிறார்கள். அப்படிப்பட்ட பட்டறையில் எட்டு வருடம் தொழில் பழகினார் சந்துரு.

எமர்ஜென்ஸி முடிந்ததும், சென்னை மத்தியச் சிறையில் மிசா கைதிகள் தாக்கப்பட்டதை விசாரிக்க நீதிபதி எம்.எம்.இஸ்மாயில் கமிஷன் உட்கார்ந்தது. அந்தச் சிறையில் அடி வாங்கியவர்களில் மு.க.ஸ்டாலினும் ஒருவர். அந்தக் கமிஷன் முன் கைதிகள் தரப்பில் வாதாடிய இளம் வக்கீல்களில் சந்துரு இருந்தார். பிற்பாடு இலங்கைப் பிரச்னையில் கருத்து வேறுபாடு வந்து கட்சியை விட்டு விலகினார். கட்சியை விட்டாலும் வழக்குகளை விடவில்லை. தொழிலாளர் வழக்குகள், மனித உரிமை வழக்குகள்தான் அவருடைய மேஜையில் எப்போதும் இருந்தன. மனித உரிமை வழக்குகளுக்கு ஃபீஸ் வாங்குவதில்லை என்று ஒரு கொள்கையே வைத்திருந்தார்.

பார்வதியின் 13 வருடம்

அந்தக் கொள்கைதான் ராஜாகண்ணு வழக்கை அவரிடம் கொண்டுவந்தது. 1993 மார்ச். விருத்தாசலம் பக்கம் முதனை கிராமம். ஒரு வீட்டில் நகை திருட்டுப் போனதாகப் புகார். குறவர் சமூகத்தைச் சேர்ந்த ராஜாகண்ணுவைக் கம்மாபுரம் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. சில நாளில், 'தப்பி ஓடிவிட்டான்' என்றது போலீஸ். அவருடைய மனைவி பார்வதி அதை நம்பவில்லை. ஸ்டேஷனில் கணவரை எப்படி அடித்தார்கள் என்பதைக் கண்ணால் பார்த்தவர் அவர்.

அந்த ஊர் கம்யூனிஸ்ட் தோழர்கள் உதவியோடு பார்வதி சென்னைக்கு வந்தார். சந்துரு உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். 'இந்த ஆளை உங்கள் பொறுப்பில்தானே வைத்திருந்தீர்கள், கோர்ட்டுக்குக் கொண்டுவந்து காட்டுங்கள்' என்று கேட்பதுதான் அந்த மனு. படிக்காத ஒரு பெண் ஒரு மாநிலத்தின் போலீஸையே கேள்வி கேட்க முடிகிற ஒரே வழி அது. விசாரணையில் கதை வெளியே வந்தது. ராஜாகண்ணு தப்பி ஓடவில்லை. அடித்துக் கொல்லப்பட்டு, உடல் பக்கத்து மாவட்ட எல்லையில் போடப்பட்டிருந்தது.

அதோடு முடிந்ததா? இல்லை. கொலை வழக்கு கீழ்க் கோர்ட், மேல் கோர்ட் என்று நடந்து, 2006-ல் உயர் நீதிமன்றத் தீர்ப்போடுதான் முடிவுக்கு வந்தது. போலீஸாருக்கு 14 ஆண்டு சிறை. பார்வதி காத்திருந்தது 13 வருடம். படத்தில் இரண்டே முக்கால் மணி நேரத்தில் நியாயம் கிடைத்துவிடுகிறது. அதைக் குறையாகச் சொல்லவில்லை, சினிமா என்றால் அப்படித்தான். ஆனால், அந்த 13 வருடத்தில் பார்வதி என்ன சாப்பிட்டார், குழந்தைகளை எப்படி வளர்த்தார் என்பதையும் சேர்த்து யோசித்தால்தான் வழக்கின் கனம் புரியும். படம் வெளியானபோது அவர் வாழ்ந்துகொண்டிருந்தது சென்னையின் மேற்குப் புறநகரில், மகள் வீட்டில், மிகச் சாதாரணமான ஒரு குடியிருப்பில். அதன் பிறகுதான் செய்தியாளர்கள் தேடிப் போனார்கள். நடிகர் சூர்யா அவர் பெயரில் 10 லட்ச ரூபாய் டெபாசிட் செய்தார்.

இன்னொரு விஷயம். படத்தில் அந்தக் குடும்பத்தை இருளர் என்று காட்டியிருப்பார்கள். நிஜத்தில் அவர்கள் குறவர். அதனால் குறவர் மக்களிடம் ஒரு வருத்தமும் எழுந்தது, நியாயமான வருத்தம்தான். இருளர் மக்கள் திருவள்ளூர் மாவட்டம் முழுக்க இருக்கிறார்கள். செங்கல் சூளையிலும் ரைஸ் மில்லிலும் முன்பணத்துக்காக ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்த குடும்பங்களை அதிகாரிகள் மீட்ட செய்திகளை நாம் படித்திருக்கிறோம். நரிக்குறவர்கள் இந்த இரண்டு சமூகத்திலும் சேராதவர்கள். 2022 ஏப்ரலில் அப்போதைய முதல்வர் மு.க.ஸ்டாலின் ஆவடியில் உள்ள அவர்களுடைய குடியிருப்புக்குப் போய் ஒரு மாணவி வீட்டில் சாப்பிட்டது பெரிய செய்தியானது. அந்த ஆண்டு டிசம்பரில், நரிக்குறவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. பல பத்தாண்டுகளாக அவர்கள் கேட்டுக்கொண்டிருந்த ஒன்று அது.

நாளுக்கு 70 வழக்கு

ராஜாகண்ணு வழக்கு முடிந்த அதே 2006-ல், ஜூலை 31 அன்று, சந்துரு உயர் நீதிமன்ற நீதிபதியானார். நீதிபதிக்கு முன்னால் செங்கோலோடு ஒருவர் 'உஷ்... உஷ்...' என்று வழிவிடச் சொல்லிக்கொண்டு போவார் அல்லவா, அதை வேண்டாம் என்றார். காரில் சுழல் விளக்கு வேண்டாம். துப்பாக்கி ஏந்திய பாதுகாவலர் வேண்டாம். 'மை லார்ட்' என்று கூப்பிடாதீர்கள் என்று வக்கீல்களிடம் கேட்டுக்கொண்டார். பார்க்க வருகிறவர்கள் பூ, பழம், சால்வை என்று எதையும் கொண்டு வரக் கூடாது என்று அறை வாசலில் அறிவிப்பும் இருந்தது. இங்கே சாமியும் இல்லை, பசித்தவரும் இல்லை, குளிரில் நடுங்குகிறவரும் இல்லை என்று அதில் கொஞ்சம் குறும்பாகக் காரணமும் எழுதியிருந்தார்.

இதெல்லாம் வெளித்தோற்றம் என்று சிலர் சொல்லக்கூடும். அவர்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஆறரை வருடத்தில் அவர் முடித்துவைத்த வழக்குகள் சுமார் 96,000. ஆண்டுக்கு 210 வேலை நாட்கள் என்று வைத்துக்கொண்டால்கூட, ஒரு நாளைக்கு ஏறக்குறைய 70 வழக்குகள். இவ்வளவு வேகத்தில் தீர்ப்பு சொன்னால் சரியாக இருக்குமா என்று யாருக்கும் சந்தேகம் வரும். வர வேண்டிய சந்தேகமும்தான். அதற்கு அவர் சொன்ன விளக்கம் ரொம்ப எளிமையானது. ஒரே மாதிரியான வழக்குகளைத் தலைப்பு வாரியாகக் கட்டுக் கட்டாகப் பிரித்து, ஒரே சட்டக் கேள்வி உள்ளவற்றை ஒரே நாளில் எடுத்துக்கொள்வது. முந்தின இரவே கட்டுகளைப் படித்துவிட்டு வருவது. பென்ஷனுக்காக வழக்குப் போட்ட 200 பேருக்கும் ஒரே பிரச்னை என்றால், 200 தடவை எதற்கு வாய்தா?

வேலையை விட்டு நிறுத்தப்பட்ட ஒரு தொழிலாளிக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை செய்தவர்களைக் கேட்டால் தெரியும். வழக்கில் ஜெயிப்பது ஒரு பக்கம். பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்ட வேண்டிய வயதில் ஜெயிப்பது இன்னொரு பக்கம்.

தீர்ப்புகளில் சில, குடும்பங்களுக்குள்ளேயே பேச்சைக் கிளப்பியவை. உசிலம்பட்டி பக்கம் ஒரு கிராமத்து துர்க்கை அம்மன் கோயில். அங்கே பூசாரியாக இருந்தவருக்கு ஒரே மகள். அப்பாவுக்கு உடம்பு முடியாதபோதெல்லாம் அந்தப் பெண்தான் பூஜை செய்தார். அப்பா இறந்ததும், 'பொம்பளை பூசாரியா?' என்று ஊரில் சிலர் தடுத்தார்கள். வழக்கு சந்துருவிடம் வந்தது. கருவறையில் இருப்பதே ஒரு பெண் தெய்வம், பெண் பூஜை செய்தால் மட்டும் என்ன குறை என்ற ரீதியில் போனது அந்த 2008 தீர்ப்பு. அந்தப் பெண் பூஜை செய்யப் போலீஸ் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும் என்றார்.

சத்துணவுக் கூடங்களில் ஆட்களை எடுக்கும்போது இடஒதுக்கீட்டைப் பின்பற்ற வேண்டும் என்ற உத்தரவும் அப்படித்தான். கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால், தலித் பெண் சமைத்தால் எங்கள் பிள்ளை சாப்பிடாது என்று பெற்றோர் தட்டைத் திருப்பி வைத்த ஊர்கள் இருக்கின்றன. அங்கே இது சமையல் வேலை பற்றிய உத்தரவு மட்டும் இல்லை. சுடுகாடு, இடுகாடு சாதிக்கொன்றாக இல்லாமல் எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்றும் தீர்ப்பில் எழுதினார். இந்தத் தீர்ப்புகளுக்கெல்லாம் அம்பேத்கரின் எழுத்துதான் விளக்கு என்று பிற்பாடு ஒரு புத்தகமே எழுதினார். தலைப்பு, 'அம்பேத்கர் ஒளியில் எனது தீர்ப்புகள்'.

ஓய்வு பெறுவதற்குச் சில வாரங்கள் முன்னால், 2013 ஜனவரியில் ஒரு தீர்ப்பு. நாடகம் போட வேண்டுமானால் வசனப் பிரதியைப் போலீஸிடம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும் என்று 1954-லிருந்து ஒரு சட்டம் இருந்தது. எம்.ஆர்.ராதாவின் நாடகங்களை மனதில் வைத்துக் கொண்டுவந்த சட்டம் என்று சொல்வார்கள். பத்திரிகையாளரும் நாடகக்காரருமான ஞாநி போட்ட வழக்கில், அந்தப் பிரிவுகள் செல்லாது என்றார் சந்துரு. கோயில் திருவிழாவில் மேடை கட்டி நாடகம் போடும் பசங்களுக்கு இந்த விஷயம் எத்தனை பேருக்குத் தெரியுமோ!

ஓய்வுக்குப் பிறகும் ஓயவில்லை

ஓய்வு பெற்ற நீதிபதிகள் பலருக்கு ஏதாவது ஒரு ஆணையப் பதவி காத்திருக்கும். சந்துரு சம்பளப் பதவிகள் எதையும் ஏற்கவில்லை. ஆனால், அரசு ஒரு பிரச்னையை ஆராய்ந்து சொல்லக் கேட்டபோது மறுக்கவில்லை. 2022 ஜூனில் ஆன்லைன் ரம்மி பற்றி ஆராயும் குழு. சம்பளத்தை மொத்தமாக செல்போனில் தொலைத்துவிட்டு உயிரை விட்டவர்களின் செய்தி வாரா வாரம் வந்துகொண்டிருந்த நேரம் அது. இரண்டு, மூன்று வாரத்தில் அறிக்கை கொடுத்துவிட்டார்கள். தடைச் சட்டம் வந்தது. ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு என்று சொல்லி, 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் அந்தப் பகுதியை மட்டும் ஏற்கவில்லை. கடைசியில் 2025 ஆகஸ்டில் மத்திய அரசே பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து சட்டம் போட்டது.

செங்கல்பட்டு சிறுவர் கூர்நோக்கு இல்லத்தில் 2022 கடைசியில் ஒரு சிறுவன் அடித்துக் கொல்லப்பட்ட பிறகு, அந்த இல்லங்களைச் சீர்திருத்த ஆலோசனை சொல்லும் வேலையும் அவரிடமே வந்தது.

பெரிய வேலை அதற்கடுத்து வந்தது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரையும் அவருடைய தங்கையையும், கூடப் படிக்கிற பையன்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். பள்ளியில் சாதியை ஒழிக்க என்ன செய்யலாம் என்று ஆராய சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு. 2024 ஜூனில் 600 பக்கத்துக்கும் மேலான அறிக்கையைக் கொடுத்தார். கையில் கலர் கயிறு, மோதிரம், நெற்றியில் சாதியைக் காட்டும் அடையாளம் எதுவும் கூடாது. பள்ளிப் பெயரில் சாதி ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது. மாணவரின் சாதி மற்றவர்களுக்குத் தெரியும்படி பதிவேட்டில் இருக்கக் கூடாது. ஒரு பகுதியில் எந்தச் சாதி அதிகமோ, அதே சாதியைச் சேர்ந்தவரை அங்கே தலைமை ஆசிரியராகப் போடக் கூடாது. இப்படிப் போகிறது.

நெற்றிப் பொட்டு விஷயத்தில் பா.ஜ.க. கடுமையாக எதிர்த்தது. மத அடையாளத்தையும் சாதி அடையாளத்தையும் எங்கே பிரிப்பது என்பது எளிதில் பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லைதான். ஆனால், கயிற்றின் நிறத்தைப் பார்த்து யாரோடு உட்காருவது என்று ஒன்பதாவது படிக்கிற பிள்ளை முடிவு செய்வது திருநெல்வேலிப் பக்கத்துச் சமாச்சாரம் மட்டும் என்று சென்னைக்காரர்கள் நினைத்தால், சட்டக் கல்லூரி ஏன் பட்டரைபெரும்புதூருக்குப் போனது என்பதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

ராஜாகண்ணு கதையும் பழைய கதை இல்லை. 2020-ல் சாத்தான்குளம். 2025-ல் திருப்புவனம் அருகே கோயில் காவலாளி. இரண்டு இடத்திலும் போலீஸ் விசாரணை சாவில் முடிந்தது. திருப்புவனத்தில் புகார் என்ன தெரியுமா? நகை காணவில்லை என்பதுதான். 1993-ல் முதனையில் கேட்ட அதே புகார்.

மேற்குப் புறநகர்களுக்கென்று 2022 ஜனவரியிலிருந்து ஆவடியில் தனி போலீஸ் கமிஷனரேட் இருக்கிறது. வீட்டில் யாரையாவது விசாரணைக்கு அழைத்துப் போனால் பதறுவதற்கு முன், சில விஷயங்களைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியல் சட்டம். கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும், உறவினர் ஒருவருக்குத் தகவல் தர வேண்டும். சாட்சி சொல்ல என்று பெண்களையும், 15 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளையும், 60 வயது தாண்டியவர்களையும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லக் கூடாது, போலீஸ்தான் வீட்டுக்கு வர வேண்டும். தனிப்பட்ட விவரம் கேட்காமல் ஆள் மட்டும் காணவில்லை என்றால், சந்துரு பார்வதிக்காகப் போட்ட அதே ஆட்கொணர்வு மனு இன்றைக்கும் இருக்கிறது.

வக்கீல் வைக்கக் காசு இல்லையே என்பவர்களுக்கு: பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், ஆலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் தர வேண்டும் என்று 1987-ம் வருடத்துச் சட்டம் சொல்கிறது. திருவள்ளூரில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். போனில் கேட்க வேண்டுமானால் தேசிய சட்ட உதவி எண் 15100.